ஸ்டாண்டுல நிக்கற கேமராவுக்கு எதுக்குங்க கைநடுக்க மருந்து?

போன இதழ்ல கடைசி வரியா "லென்ஸ் ஓரத்துல இருக்கற ஸ்டெபிலைசர் சுவிச்சைப் பத்தி இன்னொரு நாள் பேசலாமுங்க"ன்னு சும்மா எழுதிவெச்சேன். அதுக்கு வந்த கேள்விகளைப் பாத்தா நம்ம பக்கத்து வீடியோக்காரங்க பாதிப் பேரு அந்த சுவிச்சை ஆன்லயே வெச்சு டேப்பு ஒட்டிட்டாங்க போலருக்கு, மீதிப் பேரு ஆஃப்ல வெச்சு ஒட்டிட்டாங்க. ரெண்டு பேர்த்துக்கும் சேத்தித்தான் இந்த வாரம். பேரு மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுமுங்க, கேனான்ல ஐஎஸ், நிக்கான்ல விஆர், சோனில ஓஎஸ்எஸ், டாம்ரான்ல விசி, சிக்மால ஓஎஸ். உள்ள நடக்கற சோலி ஒண்ணுதான், கை நடுங்குனாலும் படம் ஆடாமப் பாத்துக்கறது.

கேள்வி: ஏனுங்ண்ணா, கல்யாண வீடியோ எடுக்கறனுங்க. மண்டபத்துல ட்ரைபாடு போட்டு 70-200 லென்ஸ்ல மேடைய டைட்டா வெச்சுட்டு நவுந்து நின்னுட்டேன், யாருமே கேமராவத் தொடலை. ஊட்டுல வந்து போட்டுப் பாத்தா ஃப்ரேம் மெல்ல ஒரு பக்கமா நவுந்து போயி மறுக்கா திரும்பி வருது. ட்ரைபாடு மேல கேமராவத் தாங்கற ஹெட்டு லூசாயிருச்சுங்களா? (பல்லடம் வாசகர்)

ஹெட்டு லூசெல்லாம் இல்லீங்க தம்பி, ஸ்பேனரைப் போட்டுத் திருகித் திருகி அதை ஒடைச்சுப் போடாதீங்க. லென்ஸ் ஓரத்துல சுவிச்சு ஆன்ல இருந்திருக்கும், போயிப் பாருங்க.

லென்ஸுக்குள்ள சின்னதா கைரோ சென்சார் இருக்குதுங்க, ஒண்ணு கேமரா மேலகீழ தலையாட்டறதைப் பாக்கும், இன்னொண்ணு பக்கவாட்டுல திரும்பறதைப் பாக்கும். அதுக சொல்ற கணக்கை வெச்சு உள்ள இருக்கற ஒரு கண்ணாடித் தொகுதிய காந்தச் சுருளு அக்கட்டயும் இக்கட்டயும் தள்ளி, படம் ஒரே எடத்துல நிக்கற மாதிரி பாத்துக்கும். இது எதுக்குன்னு செஞ்சதுன்னா மனுசன் கைக்கு. நல்லா இருக்கறவன் கையே வினாடிக்கு 8ல இருந்து 12 தடவை தன்னால நடுங்கிட்டேதான் இருக்கும், நம்முளுக்குத் தெரியாது, 200 எம்எம் லென்ஸுக்குத் தெரியும். அந்த நடுக்கத்துக்குக் குடுத்த மருந்துதான் இந்த ஸ்டெபிலைசர். ஸ்டாண்டுக்கு ஏதுங்க கை நடுக்கம்? வியாதி இல்லாதவனுக்கு மருந்து குடுத்தா என்னாகுமோ அதுதான் உங்க ஃப்ரேமுக்கு ஆயிருக்குது.

இன்னும் கொஞ்சம் உள்ள போயிச் சொல்றேன், ஏன்னா இதைப் புரிஞ்சுட்டீங்கன்னா மத்த கேள்விக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லிக்குவீங்க. கைரோ வந்து "நான் இப்ப எந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கறேன்"னு சொல்லாதுங்க, "என்ன வேகத்துல திரும்பறேன்"னு மட்டுந்தான் சொல்லும். அந்த வேகத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எவ்வளவு திரும்பிச்சுன்னு லென்ஸ் கணக்குப் போடோணும். ஒண்ணுமே அசையாதப்பவும் சென்சாரு துளியூண்டு தப்புச் சொல்லும். கண்ணைக் கட்டிக்கிட்டு வரப்பு மேல நடக்கறவன் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு நூலு தப்புனா அம்பது எட்டுல வயலுக்குள்ள நிப்பானில்ல, அதே கதைதான். கைல புடிச்சு எடுத்தா அந்தச் சின்னத் தப்பு நடுக்கத்தோட நடுக்கமா மறைஞ்சு போயிரும், ஸ்டாண்டுல வெச்சுட்டா மிச்சம் இருக்கறதே அந்தத் தப்பு மட்டுந்தான், நீங்க பாத்த நவுத்தல் அதுதானுங்க. சில பழைய லென்ஸுல இன்னொரு கூத்தும் உண்டு, உள்ள ஓடற அதோட சொந்த அதிர்வே ஸ்டாண்டுல பட்டுத் திரும்பி கைரோவுக்கு வர, அதை இது ஆட்டம்னு நெனச்சு மறுக்கா திருத்த, படம் நடுங்கிட்டே கெடக்கும்.

நானும் பட்டவன்தானுங்க. பத்துப் பாஞ்சு வருசம் முந்தி அவினாசிப் பக்கம் ஒரு கல்யாணம், இணைச்சீர் நடக்குது, மங்கள வாழ்த்துப் படிக்கறாங்க, கேமராவ லாக் பண்ணிட்டு நான் பாட்டுக்கு டீ குடிக்கப் போயிட்டேன், சுவிச்சு ஆன்ல. ஒரு மாசம் கழிச்சு வீடியோவக் கொண்டுபோயிப் போட்டுக் காட்டுனா மாப்பிள்ளையோட அப்பிச்சி ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு "ஏனப்பா, மேடைக்குக் கீழ சக்கரம் கிக்கரம் வெச்சிருந்தாங்களா?"ன்னு கேட்டாரு பாருங்க, அன்னிக்கு ஒட்டுனதுதான் என்ற ட்ரைபாடு பை மேல "சுவிச்சைப் பாரு"ன்னு ஒரு சீட்டு.

எஸ்எல்ஆர் கேமராவுக்கு ஸ்டெபிலைசரோட வந்த மொத லென்ஸ் 1995ல வந்த கேனான் 75-300. அந்தக் காலத்து லென்ஸுகளுக்கு, 28-135, மொத வந்த 100-400 இதெல்லாம் சேத்தி, தான் ஸ்டாண்டு மேல நிக்கறதே தெரியாது. அதுக்கப்பறம் வந்த நெறைய லென்ஸுக "ஆட்டமே காணமே, ஸ்டாண்டுல வெச்சுட்டாங்க போல"ன்னு தானே கண்டுபிடிச்சு அடங்கிக்கும். அதை நம்பி போட்டோ எடுக்கலாம், ஒரு போட்டோவுக்கு வேண்டியது கண்ணிமைக்கற நேரந்தானே. இருவது நிமிசம் ஓடற சீர் ஷாட்டை அதோட புத்தியை நம்பி உடறதுக்கு எனக்கு மனசு வரலீங்க, நான் ஆஃப்தான். அப்புறம் மிரர்லெஸ், அதான் உள்ள கண்ணாடி இல்லாத புது ரகக் கேமரா, வெச்சிருந்தா ஒண்ணு கவனிங்க, நெறைய கேமரா பாடில லென்ஸ் சுவிச்சே பாடிக்குள்ள இருக்கற ஸ்டெபிலைசரையும் சேத்தி ஆன் ஆஃப் பண்ணும், லென்ஸுல சுவிச்சு இல்லைன்னா மெனுவுக்குள்ள போயித்தான் அணைக்கோணும். லென்ஸை மட்டும் பாத்துட்டு மெனுவ மறந்தவங்க நெறையப் பேரு.

எடுத்த ஃபுட்டேஜை என்ன பண்றதுன்னு கேக்கறீங்களா? ப்ரீமியர்ங்கற எடிட்டிங் சாப்ட்வேர்ல வார்ப் ஸ்டெபிலைசரைப் போட்டு 'நோ மோஷன்' வெச்சுப் பாருங்க, ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், 4கேல எடுத்து ஹெச்டில குடுக்கறதா இருந்தா யாருக்கும் தெரியாது.

கேள்வி: அண்ணா, நம்மூர் ரேக்ளா வண்டிப் பந்தயத்தை ஃப்ளூயிட் ஹெட்ல பேன் பண்ணி, அதாவது கேமராவப் பக்கவாட்டுல திருப்பிக்கிட்டே, எடுக்கறேன். வண்டி கெளம்பறப்ப படம் ஒரு நொடி மாட்டிக்கிட்டு அப்புறம் பொக்குன்னு பாயுது. பேனை நிறுத்துனா ரப்பர் மாதிரி இழுத்துட்டு நிக்குது. ஹெட்டை மாத்திப் பாத்தும் அப்படியேதான் இருக்குது. (உடுமலை வாசகர்)

காசு போட்டு ஹெட்டை மாத்தறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க.

லென்ஸோட நெலமைய நெனச்சுப் பாருங்க. கேமரா திரும்ப ஆரம்பிக்குது. இது கை ஆடுனதா, இல்ல ஆளு வேணும்னே திருப்பறானா? அதுக்கு எப்படித் தெரியும்? மொதல்ல ஆட்டம்னுதான் நெனச்சுக்கும், கண்ணாடிய எதுத்தாப்புல தள்ளி படத்தைப் புடிச்சு நிறுத்தும். கண்ணாடி நவுர்றதுக்கு உள்ள எடம் கொஞ்சந்தானே, ஓரத்துக்குப் போயிட்டா உட்டுரோணும், உட்டதும் படம் பாயும். நிறுத்தறப்ப இதே கூத்து தலைகீழா நடக்கும், நீங்க நிறுத்திட்டீங்க, கண்ணாடி இன்னும் நடுவுக்கு வந்து சேரலை, அந்த இழுவைதான் ரப்பர் மாதிரி தெரியறது.

கேனான்ல மோட் 2ன்னு ஒண்ணு இருக்குதுங்க, பேன் பண்ற திசைய உட்டுட்டு அதுக்குக் குறுக்க வர்ற ஆட்டத்தை மட்டும் திருத்தும். நிக்கான்ல நார்மல் மோடே பேனிங்கைத் தானாக் கண்டுபிடிக்கும். இதெல்லாம் கைல புடிச்சு, இல்ல ஜீப்பு மேல நின்னுட்டு, ஓடற வண்டிய எடுக்கறவனுக்கு நல்லா ஒதவும். நீங்க ஸ்டாண்டுல நிக்கறீங்க, ஃப்ளூயிட் ஹெட்டுக்குள்ள இருக்கற கிரீஸே அந்த வேலையப் பாத்துக்கும், அதனால ஆஃப் பண்ணிருங்க. மோட் 2 வெச்சாக்கூட ஆரம்பமும் முடிவும் சுத்தமா வருமுன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது.

ரேக்ளாவுல 200 மீட்டர், 300 மீட்டர்னு ஓட்டறாங்க, காளை கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள நம்மளத் தாண்டிப் போயிரும். அதுக்கு சுவிச்சை விட உங்க காலுதான் முக்கியம். வண்டி எங்க முடியுமோ அந்தப் பக்கம் பாதத்தை வெச்சு நின்னுட்டு, இடுப்பை மட்டும் முறுக்கி ஆரம்பத்துக்குத் திரும்புங்க. வண்டி வர வர ஒடம்பு தன்னால பிரிஞ்சு வந்து நேரா நிக்கும். இதை மாத்திப் பண்றவனுக்குக் கடேசில இடுப்பு மாட்டிக்கிட்டு ஃப்ரேம் குதிக்கும். பேன் தொடங்கறதுக்கு முந்தி மூணு வினாடி, முடிஞ்சப்பறம் மூணு வினாடி அசையாம நில்லுங்க, எடிட்டரு உங்களை வாழ்த்துவாரு. அப்புறம் ஹெட்டு மட்டம் பாத்து வையுங்க, கொறங்காட்டுல நெலம் ஒரு பக்கமா சாஞ்சுதான் இருக்கும், மட்டம் இல்லாம பேன் பண்ணுனா காளை மலை ஏர்ற மாதிரி இருக்கும்.

கேள்வி: தம்பி, வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். வெள்ளோட்டுல பறவைகளை 150-600 லென்ஸ் போட்டு ட்ரைபாட்ல வீடியோ எடுக்கிறேன். ட்ரைபாட்னா ஆஃப் என்று எல்லாரும் சொல்றாங்க. ஆஃப் பண்ணினால் எனக்கு அதிகமா ஆடுகிறது. என் கை தான் கோளாறா? (ஈரோடு வாசகர்)

ஐயா, உங்க கையில ஒரு கோளாறும் இல்லீங்க, "எல்லாரும்" சொல்றதுலதான் கோளாறு. பறவை பின்னாடியே போகோணும்னு ஹெட்டை இறுக்காம லூசா உட்டு, ஒரு கை லென்ஸ் மேல வெச்சிருப்பீங்களே? அப்ப அது பாதி ஸ்டாண்டு, பாதி கை. நிக்கானோட லென்ஸ் கையேடுகள்லயே போட்டிருப்பாங்க, ட்ரைபாட்ல கெட்டியா மாட்டுனா ஆஃப், ஹெட்டை இறுக்காம வெச்சாலோ மோனோபாட்ல (ஒத்தைக்கால் ஸ்டாண்டு) வெச்சாலோ ஆன். ட்ரைபாடான்னு கேக்கறதை உட்டுட்டு, இப்ப கேமராவ ஆட்டறது யாருன்னு கேளுங்க. கையாட்டுனா ஆன், யாரும் ஆட்டலைன்னா ஆஃப்.

600ல எதுக்கு இவ்வளவு ஆட்டம் தெரியுதுன்னு ஒரு கணக்குச் சொல்றேன், நீங்க வாத்தியாரு, சரி பாத்துக்குங்க. கேமரா ஒரு டிகிரில பத்துல ஒரு பங்கு திரும்பிச்சுன்னு வெச்சுக்குவோம். ஃபுல் ஃப்ரேம்ல 4கே எடுத்தா, 24 எம்எம் லென்ஸுல படம் 4, 5 பிக்சல் நவுரும். 200 எம்எம்ல 37 பிக்சல். 600ல 110 பிக்சலுக்கு மேல. கூழைக்கடா சும்மா நின்னுட்டு இருந்தாலும் உங்க ஃப்ரேமுக்குள்ள அது தேரோட்டம் ஆடும். ஃபோக்கஸ் ரிங்கைத் தொட்டாலே இந்த ஆட்டம் வந்துரும், அதனால தொட வேண்டிய வேலையைத் தொட்டு முடிச்சுட்டு, ஆட்டம் அடங்குன அப்பறம் வர்ற ஃபுட்டேஜைத்தான் எடுத்துக்கோணும்.

காத்துக்கும் இதே கேள்விதானுங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி ஆடில வர்ற காத்து இருக்குதே, ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க, உங்க லென்ஸ் ஹுட்டு எம்மாத்திரம்! காத்து லென்ஸை உலுக்கறது கை நடுக்கத்துக்குப் பக்கத்து ஆட்டந்தான், அதனால காத்து நேரத்துல ஸ்டாண்டுல வெச்சும் ஆன்ல நல்லா வர்றதை நான் பலதரம் பாத்திருக்கறேன். ஆனா மருந்துக்கு முந்தி பத்தியம் பாத்துக்குங்க, வெயிலு நேரா லென்ஸுல அடிக்கலைன்னா ஹுட்டைக் கழட்டுங்க, அது பாய்மரம் மாதிரி காத்தைப் புடிக்கும். நடுத்தண்டை ஏத்தாதீங்க, காலை விரிச்சுத் தாழ்வா வையுங்க, நீங்களும் ஒக்காந்துக்குங்க. நடுவுல பையைத் தொங்கவுட்டா அது ஊசலாடாம அடி தரைல பட்ட மாதிரி இருக்கோணும், இல்லைன்னா பையே கேமராவ ஆட்டும்.

கேள்வி: ஏனுங்ண்ணா, என்ற பொண்ணு வள்ளி கும்மி ஆடறா. வட்டத்துக்குள்ள போயி கிம்பல்ல எடுக்கறேன். நடுவுல இருக்கறவங்க நல்லா வர்றாங்க, ஓரத்துல இருக்கறவங்க மட்டும் தண்ணிக்குள்ள ஆடற மாதிரி நெளியறாங்க. லென்ஸ் கெட்டுப்போச்சுங்களா? (காங்கேயம் வாசகி)

லென்ஸ் கெடலீங்க அம்மிணி. உங்க கேள்விய வெச்சே சொல்றேன், வைடு லென்ஸ், பாடிக்குள்ள ஸ்டெபிலைசர் இருக்கற மிரர்லெஸ், அது ஆன்ல. சரிங்களா?

கிம்பல்ல மூணு மோட்டரு இருக்குது, கேமரா சாயறது, திரும்பறது, தலையாட்டறது மூணையும் அதுவே பாத்துக்கும். அதுக்கு மேல உள்ள சென்சாரும் தனியா நவுந்து திருத்திட்டு இருந்தா, ஒரே மாட்டுக்கு ரெண்டு பேரு மூக்கணாங்கவுறு புடிச்ச கதை. அதுலயும் வைடு லென்ஸுல ஓரம் இயல்பாவே இழுபட்டுத்தான் இருக்கும், சென்சாரு நவுரும்போது நடுவுல இருக்கறது சரியா நின்னாலும் ஓரம் அதே அளவுல நிக்காது, நெளியும். 16, 20 எம்எம்ல இது பளிச்சுன்னு தெரியும். பாடி ஸ்டெபிலைசரை அணைச்சுட்டு ஒரு சுத்து எடுத்துப் பாருங்க. ஆக்டிவ்னு சொல்லி ஓரத்தை வெட்டித் திருத்தற எலக்ட்ரானிக் மோடு எதாச்சும் ஓடுனா அதை மொதல்ல அணைங்க.

லென்ஸு நீளம் ஏறுனா கதை மாறும். கிம்பல்ல 85 எம்எம், 70-200ன்னு போட்டு ஆடறவங்க மொகத்தை மட்டும் எடுக்கறப்ப, கிம்பலுக்கு எட்டாத பொடி அதிர்வு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அப்ப லென்ஸ் ஸ்டெபிலைசரை ஆன் பண்ணா நல்லாத்தான் இருக்குது. எந்த லென்ஸுக்கு எப்படின்னு பத்து நொடி எடுத்துப் பாத்துட்டாப் போச்சு. பேலன்ஸ் பண்றப்ப மட்டும் எப்படி எடுக்கப் போறீங்களோ அதே லென்ஸ், அதே ஜூம், பேட்டரி, கார்டு எல்லாம் போட்டுட்டுப் பண்ணுங்க.

ஒண்ணு மட்டும் எந்த சுவிச்சாலயும் ஆகாதுங்க. நீங்க எட்டு வெச்சு நடக்கறப்ப ஒடம்பே மேல ஏறி எறங்குதில்லீங்களா, அது திரும்பற ஆட்டம் இல்ல, கேமராவே எடம் மார்றது. கிம்பலுக்கு அதைத் திருத்தற வழி இல்ல. கும்மி அடிக்கற தாளத்துக்கு உங்க காலும் சேந்து குதிச்சா வீடியோவும் குதிக்கும். தலைல தண்ணிக்கொடத்தை வெச்சுட்டு வாசப்படி ஏர்ற மாதிரி, முட்டியக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை மொதல்ல ஊனி நடங்க. எங்கம்மா இதை எந்த கிம்பலும் இல்லாம நாப்பது வருசம் செஞ்சுது.

கேள்வி: மேடை பலகை போட்டது. ஜமாப் மேளம் அடிக்கறப்ப, சொந்தக்காரங்க மொய் வெக்க ஏறி எறங்கறப்ப, ட்ரைபாடே அதிருது. சுவிச்சை ஆன்ல வெக்கறதா? ஆஃப்ல வெக்கறதா? (கோபி வாசகர்)

மொதல்ல ட்ரைபாடைப் பலகைய உட்டுக் கீழ எறக்குங்க. மேடைய ஒட்டித் தரைல நின்னு, கொஞ்சம் உசரத்துல இருந்து எடுத்தா அதே ஷாட்டு வரும். ஒரு காலு பலகைல, ரெண்டு காலு தரைலன்னு வெச்சா அது ரெண்டையும் விட மோசம். மேலதான் நிக்கோணும்னா, கீழ தாங்குகால் இருக்கற எடம் பாத்து நில்லுங்க, நடுப்பலகைல நிக்காதீங்க, ஸ்பீக்கர் பாக்ஸை விட்டுத் தள்ளி நில்லுங்க. அதுக்கும் மேல ஆடுச்சுன்னா ஆன் பண்ணிப் பாருங்க, ஆளு ஏர்றப்ப வர்ற குலுக்கலைக் கொஞ்சம் வாங்கிக்கும். ஜமாப் சத்தத்துல வர்ற வேகமான அதிர்வுக்கு அது ஒதவாது. அந்த அதிர்வு சென்சாருல ஜெல்லி மாதிரி நெளிவைக் காட்டும், அது ரோலிங் ஷட்டர் சமாச்சாரம், சென்சாரு படத்தை வரி வரியாப் படிக்கறதால வர்றது, அதுக்கு மருந்து தள்ளி நிக்கறது ஒண்ணுதான்.

கேள்வி: மோனோபாடுக்கு என்னங்க வெக்கறது? மாரியாத்தா நோம்பில கம்பத்தைச் சுத்தி ஆடறதை எடுக்கோணும், ட்ரைபாடு விரிக்க எடமில்ல. (பொள்ளாச்சி வாசகர்)

ஆன். யோசிக்கவே வேண்டாமுங்க. ஒத்தைக் காலு கேமராவோட கனத்தைத்தான் தாங்கும், தலையாட்டறதும் திரும்பறதும் உங்க கையாலதான் நடக்குது, லென்ஸ் ஸ்டெபிலைசர் திருத்தறதும் அந்த ரெண்டைத்தான். ஜோடிப் பொருத்தம் நல்லா இருக்குது.

மிஞ்சறது ஒண்ணே ஒண்ணு. ஒத்தைக் காலு இடம் வலமா சாயும்போது தொடுவானமே சாயுமில்லீங்களா, அதை லென்ஸால திருத்த முடியாது, கண்ணாடிய எப்படித் தள்ளுனாலும் படத்தைச் சொழட்ட முடியாதே. பாடிக்குள்ள ஸ்டெபிலைசர் இருந்தா அது சென்சாரையே சொழட்டித் திருத்தும். இல்லைன்னா மோனோபாட் அடிய உங்க பாதத்துக்கு முட்டுக் குடுத்து, மேல்பாகத்தை நெஞ்சோட அணைச்சுக்குங்க. நோம்பிக் கூட்டத்துல பின்னாடி ஒரு தூணு கெடைச்சா சாஞ்சுக்குங்க, அதை விடப் பெரிய ஸ்டெபிலைசர் எந்தக் கம்பெனியும் செய்யலீங்க.

கேள்வி: ஸ்லைடர், ஜிம்மி ஜிப் ரெண்டுலயும்? (திருப்பூர் வாசகர்)

கேமராவத் தண்டவாளத்துல நவுத்தற ஸ்லைடர்ல ஆஃப். மெதுவா நவுத்தறப்ப லென்ஸ் புடிச்சுப் புடிச்சு உடும், தண்டவாளத்துல மணல் விழுந்த மாதிரி இருக்கும். ஆனா நெசமாவே மணல் விழுந்திருக்கான்னும் பாத்துக்குங்க, அதுதான் பாதிக் கேசு. நீளக் கை வெச்சு கேமராவ உசரத் தூக்கற ஜிப்புலயும் ஆஃப்தான், கை நிறுத்துனதும் மேல ஒரு ஊஞ்சலாட்டம் வருமே, அது நெம்ப மெதுவான ஆட்டம், லென்ஸ் அதைப் பேனிங்னு நெனச்சு உட்டுரும். நிறுத்தறதை மெதுவா நிறுத்துங்க.

கேள்வி: லென்ஸைக் கழட்டி ஆட்டுனா உள்ள கடகடன்னு சத்தம் வருது. புதுசா வாங்குனது! (கரூர் வாசகர்)

ஆட்டாதீங்க. ஸ்டெபிலைசர் கண்ணாடி சில லென்ஸுல லேசா ஆடத்தான் செய்யும். ஸ்டெபிலைசரு ஓடிட்டு இருக்கறப்ப மட்டும் லென்ஸைக் கழட்டாதீங்க, சுவிச்சை ஆஃப் பண்ணி, கேமராவ அணைச்சுட்டு அப்புறம் கழட்டுங்க. மாட்டி எடுத்த படம் நல்லா இருந்தா லென்ஸும் நல்லா இருக்குது.

கேள்வி: அண்ணா, பைக் ஹேண்டில்பார்ல போனை மாட்டி வால்பாறை மேல போற வீடியோ எடுக்கலாம்னு இருக்கறேன். போன்லயே ஓஐஎஸ் இருக்குதே, அது ஆட்டத்தைப் பாத்துக்குமுங்களா? (கோயமுத்தூர் வாசகர்)

40 கொண்டை ஊசி வளைவு, சில்லுன்னு காத்து, ஆசை வரத்தாஞ் செய்யும். ஆனா போனை ஹேண்டில்பார்ல நேரா மாட்டாதீங்க தம்பி.

போன்ல இருக்கறதும் இதே சரக்குதான், கைரோவும் காந்தமும் வெச்சு லென்ஸையோ சென்சாரையோ நவுத்தறது, எல்லாம் பொடிசா இருக்கும். பெரிய இஞ்சின் பைக்கோட அதிர்வு ஹேண்டில்பார் வழியா வந்து அதைக் கெடுத்துரலாம்னு ஆப்பிள் கம்பெனியே 2021ல ஐபோன்காரங்களுக்கு எச்சரிக்கை போட்டுச்சு, அந்த மாதிரி வண்டில மாட்ட வேண்டாம், சின்ன மொபெட்டு ஸ்கூட்டருனாலும் அதிர்வை வாங்கற மவுண்ட்டு போட்டு மாட்டுங்கன்னு. மெக்கானிசம் ஒண்ணுங்கறதால மத்த கம்பெனி போனுக்கும் நான் அதையே சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் இப்படி ஒரு சீசன் சுத்திட்டு வந்தான், இப்ப அவன் போன்ல எதை எடுத்தாலும் படம் விறுவிறுன்னு நடுங்குது, பல்லு வலிக்காரன் மாதிரி.

ஆக்ஷன் கேமரா இருந்தா அதை மாட்டுங்க, அதுகள்ல பெரும்பாலும் நவுர்ற கண்ணாடியெல்லாம் கெடையாது, படத்தோட ஓரத்தை வெட்டிக் கணக்குப் போட்டுத் திருத்தறதுதான். அதுக்கும் வெளிச்சம் வேணுமுங்க. பொழுது சாஞ்சு ஷட்டர் 1/50க்கு வந்துருச்சுன்னா, ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளயும் ஆட்டம் பூசுன மாதிரி பதிஞ்சுரும், ஃப்ரேமை நேரா அடுக்குனாலும் அந்தப் பூச்சு போகாது, படம் நிக்கும், ஆனா மங்கி மங்கித் தெளியும். ஆழியாறுல பொழுது இருக்கறப்பவே கெளம்பிருங்க. போன்தான் இருக்குதுன்னா பைக் பின்சீட்டுல ஒக்காந்து கைல புடிங்க, ஒடம்பை விட நல்ல குஷன் கெடைக்காது. ஓட்டறவன் போனைத் தொடவே கூடாது, அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

கேள்வி: எங்கப்பாவோட ஸ்டுடியோவுல கெடந்த பழைய மேனுவல் லென்ஸை அடாப்டர் போட்டு மிரர்லெஸ்ல மாட்டியிருக்கறேன். 135 எம்எம். லென்ஸுல சுவிச்சே இல்ல, ஆனா கைல எடுத்தா படம் நிக்காம வழுக்குது. (சென்னிமலை வாசகர்)

பாடி மெனுவுல ஃபோக்கல் லெங்த்னு ஒரு எடம் இருக்கும், அங்க 135ன்னு போட்டிருக்கறீங்களா? பழைய லென்ஸு தன்னோட நீளத்தை பாடிக்குச் சொல்லாது, நீங்கதான் சொல்லோணும். அங்க 50ன்னு கெடந்துச்சுன்னா சென்சாரு அம்பதுக்கு வேண்டிய அளவுதான் நவுரும், மிச்ச ஆட்டம் படத்துல இருக்கும். 200ன்னு கெடந்தா அளவுக்கு மேல நவுந்து எதுத்தாப்புல வழுக்கும், உங்களுக்கு நடக்கறது ஒருவேளை அதுதான். 135 போட்டு எடுத்துப் பாருங்க.

ஸ்டாண்டுல மாட்டறப்ப அதே மெனுவுல அணைச்சுருங்க. அப்புறம் அந்தப் பழைய லென்ஸோட உள்ள வெளிச்சத்தைக் கூட்டிக் கொறைக்கற அப்பர்ச்சர் பிளேடுல எண்ணெய் கசிஞ்சிருக்கான்னு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு எழுதுங்க, இருந்தா அடுத்த இதழ்ல சொல்றேன்.